அம்மன் அழுத மத்தியானம்

“சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க பினாகிதா. அடக்கி வச்சா உங்க அல்சருக்கு ஆகாது.”

ஜூமூர் ஹால்தார் இதைச் சொன்னபோது அவளுடைய இடது கண் பாதி மூடியிருந்தது. இரண்டு கன்னங்களும் எண்ணெயில் போட்ட லூச்சிப் பூரி மாதிரி உப்பிச் சிவந்திருந்தன. அதன்மேல் ரோஸ் நிற லோஷனைப் பட்டை பட்டையாகத் தடவிக்கொண்டு, அந்தக் கோலத்தோடேயே வேலைக்கு வந்திருந்தாள். வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

பினாகி கோஷாலுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்த் தீ விபத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, வடக்குக் கல்கத்தாவில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே அறை பிடித்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர் அவர். அவரை ‘தா’, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் ஜூமூர் அவருடைய உதவியாளர், கணக்கர், டீ போடுகிறவள், தீராத தலைவலி. இப்போது இருவரும் கதம்தலா சந்தின் முனையில் பாஞ்சு சாஹாவின் பூஜைச் சாமான் கடை வாசலில் நின்றிருந்தார்கள்.

“கடைசியாக் கேக்கறேன்,” என்றார் பினாகி. “தசமியன்னிக்குப் பந்தலுக்கு உங்க கடைச் சிந்தூரம் போச்சா, இல்லையா?”

“போயிருந்தா எனக்கு ஏன் பாபு வயித்தெரிச்சல்?” பாஞ்சு சாஹா தராசைத் தள்ளி வைத்தார். “அந்தக் கேயா மைத்ரா வீடு வீடாப் போயி, கடைச் சிந்தூரத்துல ஈயம் இருக்கு, தலைமுடி கொட்டும், என்னோடது மஞ்சள்ல செஞ்சதுன்னு ஓதி ஓதி, இந்த வருஷம் என்கிட்ட ஒரு டப்பாகூட வாங்க விடலை. அவ சரக்கைத்தான் பூசினாளுங்க. அவ சரக்குலதான் வீங்கினாளுங்க. பக்கத்துச் சந்து எல்லாத்துலயும் என் சரக்குதான் விளையாடினாங்க. அங்க ஒரு மூஞ்சியாவது வீங்கிச்சா?”

வீங்கவில்லை. காலையிலேயே போய்ப் பார்த்தாயிற்று. போட்டிக்காரன் தன் மட்டமான சரக்கைக் கேயாவின் டப்பாவில் கலந்துவிட்டான் என்று பினாகி கட்டி வைத்திருந்த அருமையான சித்தாந்தம் அந்த வாசலிலேயே மண்ணைக் கவ்வியது.

“உங்களுக்கு வேணும்னா ஒரு டப்பா தரவா பௌதி?” பாஞ்சு சாஹா ஜூமூரின் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

“வேண்டாம் பாஞ்சுகாகா. இதுக்கு மேல பூச இடமில்லை.”

விஷயம் இதுதான். தசமியன்று துர்க்கையம்மா புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். சுமங்கலிகள் ஏணிப்படி ஏறி, வெற்றிலையால் அம்மன் முகத்தைத் துடைத்து, நெற்றியில் சிந்தூரம் இட்டு, வாயில் இனிப்பை ஊட்டி விடை கொடுப்பார்கள். அதற்குப் பெயர் வரணம். அது முடிந்ததும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி சிந்தூரத்தை அள்ளிப் பூசுவார்கள். இந்த வருஷம் அன்று ராத்திரியே கதம்தலா சந்தில் பாதி முகங்கள் வீங்கிவிட்டன, அங்கே விளையாடிய ஜூமூரின் முகமும்தான். முதல் தடவையாகக் கேயாவின் ‘பாதுகாப்பான’ சிந்தூரம் வந்த வருஷம் அது. இன்று சாயங்காலம் பூஜையை நடத்தும் மிலன் சங்கத்தில், தசமிக்குப் பிந்தைய வாழ்த்துக் கூட்டமான விஜயா ஒன்றுகூடல். கேயா மேடை ஏறி, கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. அந்தப் படம் வெளியே போனால் அவள் சரக்கை அதற்குப் பிறகு நாய்கூட மோந்து பார்க்காது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்றுதான் கேயா பினாகியிடம் வந்திருந்தாள்.

சாட்சியம் என்று எதுவும் மிச்சமில்லை. காலி டப்பாக்கள் குப்பை லாரியில் போயாயிற்று. அம்மன் கங்கையில் கரைந்தாயிற்று.

“மத்த வீடுகளையும் பார்ப்போம், வா,” என்றார் பினாகி.

இதுவும் சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. விஜயா நாட்களில் யார் வீட்டுக்குள்ளும் போகலாம். ஆனால் தின்னாமல் வெளியே வர முடியாது. முதல் வீட்டில் தேங்காய் உருண்டையும் நிம்கித் துக்கடாவும். அடுத்த வீட்டில் சூடான குக்னிச் சுண்டல். அதற்கடுத்த வீட்டில் மறுபடியும் தேங்காய் உருண்டை. பினாகிக்குச் சர்க்கரை வியாதி, வயிற்றுப் புண், அதோடு பொறுமையின்மை. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்பதற்குள் அந்த வாய்க்குள் ஒரு சந்தேஷ் போய்விடுகிறது. பெண்களோ முகத்தைக் காட்ட மறுத்துக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

“எத்தனை மணிக்குப் பூசினீங்க?” என்று கேட்டால், “அந்தக் கேயாவை உள்ள தள்ளுங்க பாபு,” என்று பதில் வந்தது.

உருப்படியான ஒரே பதில் கடைசி வீட்டில்தான் கிடைத்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் பளிங்கு மாதிரி முகத்தோடு கதவைத் திறந்தாள்.

“நீங்க விளையாடலையா?” ஜூமூருக்குப் பொறாமை தாங்கவில்லை.

“ஏன், நல்லாப் பூசிக்கிட்டோமே! இந்தச் சந்துல ஆபீஸ் போறவங்க எல்லாரும் லேட்டா வந்தோம். முதல் கூட்டம் குளிக்கப் போயிடுச்சு. ஏணியையும் எடுத்துட்டாங்க, லாரி வந்து நிக்குது. எங்களுக்கு வரணம் கிடைக்கலையேன்னு மனசு கேக்கல. அந்த ஆத்திரத்துக்குப் புதுசா ரெண்டு டப்பா உடைச்சு ஒருத்தர் மேல ஒருத்தர் கொட்டிக்கிட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை.”

வாசலுக்கு வந்ததும் பினாகி விரலைச் சொடுக்கினார். “முதல்ல திறந்த டப்பா கெட்டது. பின்னால திறந்தது நல்லது. ரெண்டு வகைச் சரக்கு!”

“அப்படின்னா நம்ம கட்சிக்காரியே மாட்டிக்குவா,” என்றாள் ஜூமூர். “அருமையாத் துப்பறியறீங்க பினாகிதா.”

கேயா மைத்ராவின் வீட்டில் வாசலிலிருந்து சமையற்கட்டு வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கடைகள் திருப்பி அனுப்பியவை. அவள் அவற்றின் நடுவே மணையில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வகிட்டில் அவளே செய்த சிந்தூரம், முழங்கை வரை மஞ்சள் கறை.

“ரெண்டு வகையா? ஒரே அண்டாவுல கிளறினது,” என்றாள். “ஒரே நாள்ல டப்பாவுல அடைச்சேன். மஞ்சள், சுண்ணாம்பு, கொஞ்சம் எண்ணெய். டப்பா மேலயே அச்சடிச்சிருக்கேன். ‘மருந்துக்கடை மாதிரி என்னென்ன இருக்குன்னு போட்டிருக்கே’ன்னு அதுக்கும் கேலி பண்ணினாங்க.”

“முதல்ல திறந்ததுல யாராவது எதையாவது—”

“எல்லாம் சீல் வச்சது பினாகிபாபு. வரணத்தப்போ என் கையாலதான் உடைச்சேன். உடைச்சுக் குடுத்துக்கிட்டே இருந்ததுல ஏணி ஏறக்கூட எனக்கு முடியலை.” அவள் குரல் உடைந்தது. “எங்கம்மாவுக்கு வகிட்டுல புண்ணாகி, முடி கொட்டி, சீழ் வச்சது. கடைசிவரை அது சிந்தூரத்தாலன்னு யாரும் ஒத்துக்கலை. ‘உனக்கு ராசியில்லை’ன்னு அவளைத்தான் சொன்னாங்க. இன்னிக்கு நான் மேடையில மன்னிப்புக் கேட்டா என் வியாபாரம் போறது பெரிசில்லை. நாளைக்கே எல்லாரும் சந்தோஷமா அந்த ஈயத்துக்கே போயிடுவாங்க. பாதுகாப்பானதுன்னு இனிமே எவளாவது வாயைத் திறந்தா, கேயா கதை தெரியாதாம்பாங்க.”

பினாகி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கப் பார்த்தார். பெட்டிகள் விடவில்லை. ஒன்றைக் காலால் எத்தினார். கால்தான் வலித்தது.

“உங்க பக்கம் பேச ஒரு ஆள்கூடவா இல்லை இந்தச் சந்துல?”

“ஒருத்தர் வந்தாங்க. நேத்து. நீலிமாதி.” கேயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஸ்கூல்ல பூகோளம் எடுக்கறாங்களே, நீலிமா சான்யால் அக்கா. உள்ளகூட வரலை. முந்தானையை முகத்துல இழுத்து விட்டுக்கிட்டு வாசல்லயே நின்னு, ‘உன் சிந்தூரம் இல்ல கேயா, மனசை விட்டுடாதே’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

ஜூமூர் கையிலிருந்த தேங்காய் உருண்டையைக் கீழே வைத்தாள். “நீலிமாதி விதவையாச்சே. சிந்தூர விளையாட்டுப் பக்கமே வரமாட்டாங்களே. உன் சிந்தூரம் இல்லைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முந்தானையை எதுக்கு முகத்துல போட்டுக்கணும்?” என்றார் பினாகி.

நீலிமா சான்யாலின் வீடு இரண்டு வாசல் தள்ளி இருந்தது. கதவைத் திறந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இராது. வெள்ளைச் சேலை, நேரான முதுகு, வகுப்பில் பேசிப் பழகிய குரல். முந்தானை கன்னத்தை மறைத்திருந்தது.

“பல் வலி,” என்றாள் கேட்கும் முன்பே. “உக்காருங்க, இனிப்பு எடுத்துட்டு வரேன்.”

“ஐயோ,” என்றார் பினாகி.

அவள் உள்ளே போனதும் ஜூமூர் மேஜைமேல் கிடந்த நீலிமாவின் கைப்பேசியை எடுத்தாள். பூட்டைத் திறக்கப் போகிறாள் என்று பினாகி பல்லைக் கடித்தார். அவள் திறக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டின் கண்ணாடியிலும் ஒரே இடத்தில் ரோஸ் நிறத்தில் உலர்ந்த பூச்சு ஒட்டியிருந்தது.

“காதுல வச்சுப் பேசினா கன்னத்து லோஷன் ஒட்டத்தான் செய்யும்,” என்று கிசுகிசுத்தாள். “மூணு நாளா நான் என் போனைத் துடைச்சுத் துடைச்சு அலுத்துட்டேன். பல் வலிக்கு யாராவது கன்னத்துல அரிப்பு லோஷன் பூசுவாங்களா?”

தட்டோடு வந்த நீலிமா இரண்டு கைப்பேசிகளையும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். பிறகு மெல்ல முந்தானையை எடுத்தாள்.

வலது கன்னத்தில் மட்டும் தடிப்பு. உள்ளங்கையைப் பதித்து எடுத்த மாதிரி. வலது கை விரல்களிலும் அதே சிவப்பு.

“நீங்க சிந்தூரம் பூசலை,” என்றார் பினாகி.

“யார் பூசுவாங்க எனக்கு?” என்றாள் நீலிமா. அந்தக் குரலில் டீச்சர் இல்லை. “அவர் இருந்தவரைக்கும் வருஷா வருஷம் நான்தான் இந்தச் சந்துல அம்மாவுக்கு அழகா வரணம் பண்ணுவேன்னு சொல்லுவாங்க. மூணு வருஷமா ஜன்னல்லேர்ந்து பார்க்கறேன். தசமியன்னிக்கு மத்தியானம் பந்தல்ல யாருமில்லை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. சும்மா கும்பிட்டுட்டு வரலாம்னு போனேன். அம்மா முகம் ஈரமா இருந்தது பினாகிபாபு. கண்ணுக்குக் கீழ தண்ணி இறங்கியிருந்தது. எனக்காகத்தான் அழறான்னு தோணிச்சு. ஏணி போட்டிருந்தாங்க. ஏறி, கையால தொடைச்சு, இங்க வச்சுக்கிட்டேன்.” கன்னத்தைத் தொடப் போய்க் கையை இறக்கிக்கொண்டாள். “அவ்வளவுதான். சிந்தூர டப்பா அப்போ பந்தலுக்கே வரலை.”

ஜூமூர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பினாகி மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“இதைச் சாயங்காலம் சங்கத்துல வந்து சொல்லுங்க! கேயா தப்பிச்சிடுவா!”

“மாட்டேன்.”

“ஒரு வார்த்தை—”

“வரணத்துக்கு முன்னாடி ஒரு விதவை அம்மனைத் தொட்டான்னு சொல்லவா? இவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்குத்தான் நான் பாடம் எடுக்கறேன். என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க ஆம்பளை. என் பேரைச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. இல்லைன்னா நான் எதையும் சொல்லலைன்னு வச்சுக்கங்க.”

பினாகி வாக்குக் கொடுத்தார். கொடுத்த அந்த நிமிஷமே அதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டார். கையில் சாட்சி இருக்கிறது, வாய்க்குப் பூட்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட கேஸை எந்த மடையன் எடுப்பான் என்று தெருவில் நின்று சத்தமாகவே கேட்டார். ஒரு ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

“வரணம் பண்ணினவங்க எல்லாரும் வீங்கியிருக்கோம்,” என்றாள் ஜூமூர் மெல்ல. “லேட்டா வந்து சிந்தூரம் மட்டும் பூசினவங்க வீங்கலை. நானும் அந்தக் கண்ணீரைத் தொடைச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். ‘அம்மா அழறா பாருங்க, விடாதீங்க, தொடைச்சு முகத்துல வச்சுக்கங்க, ஆசீர்வாதம்’னு செக்ரட்டரி ஷிபேன்பாபு மைக்கிலயே சொன்னாரே.”

“களிமண் பொம்மை ஜூமூர். செஞ்சு காஞ்சு ஒரு மாசமாச்சு. அது எப்படி அழும்?”

கேள்வி வாயை விட்டு வெளியே வந்ததும் அதற்கான பதிலும் தெரிந்துவிட்டது. சிற்பிகள் அம்மன் முகத்துக்குக் கடைசியாக ஒரு பளபளப்புத் தைலம் பூசுவார்கள். வேர்வைத் தைலம் என்று அதற்குப் பெயர். குமார்ட்டுலியில் அந்த அம்மனைச் செய்த பட்டறைக்குப் பினாகி போன் போட்டார். பேசியது அரை நிமிஷம். போனை வைத்தபோது அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

“சிற்பி என்ன சொன்னாரு?”

“நவமியன்னிக்கு ஒருத்தர் போன் பண்ணினாராம். விளக்குச் சூட்டுல அம்மா முகம் மங்கிப்போச்சு, நாளைக்கு ஊர்வலத்துல டி.வி.காரன் வரான், ஆள் அனுப்பிப் பளபளன்னு பண்ணிக் குடுங்கன்னு. பொம்பளைங்க தொடற நாள்ல ஈரத் தைலம் பூசக் கூடாதுன்னு இவர் சொல்லியிருக்கார். அந்த ஆள் கத்திட்டு வச்சுட்டாராம்.”

“யாரு?”

“ஷிபேன் லாஹிரி.”

ஜூமூர் வீங்காத கண்ணை அகல விரித்தாள். “நம்ம செக்ரட்டரி! ஆள் கிடைக்கலைன்னதும் தானே எதையோ வாங்கிப் பூசிட்டாரு. அது காயாம வழிஞ்சிருக்கு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி ‘அம்மா அழறா’ன்னு மைக்கைப் பிடிச்சுட்டாரு!”

“அப்புறம் மூஞ்சிங்க வீங்கினதும் கேயா தலையில கட்டிட்டாரு. நல்லா யோசிச்சுப் பாரு, நம்மகிட்ட என்ன இருக்கு? அம்மன் ஆத்துல. சிற்பி சொன்னது போன் பேச்சு. ஷிபேன் ‘நான் பூசவே இல்லை’ம்பான்.”

“பூசினது டப்பாவுலதானே வந்திருக்கும்?” என்றாள் ஜூமூர். “இந்தச் சங்கத்துல மிச்சத்தை எவனும் தூக்கிப் போடமாட்டான் பினாகிதா. போன தேர்தலுக்கு வாங்கின பசைகூட இன்னும் இருக்கு.”

மிலன் சங்கத்தின் கூடம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் வீங்கிய முகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் உட்கார்ந்திருந்தன. மேடையில் ஹார்மோனியம், மாலை, மைக். ஓரத்தில் கேயா தலையைக் குனிந்து நின்றாள். ஷிபேன் லாஹிரி கஞ்சி போட்ட வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பாவில் புதுமாப்பிள்ளை மாதிரி உலாத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி காஜோரி நடு நாற்காலியில். சந்துக்கே பௌதி, அதாவது அண்ணி, அவள். செக்ரட்டரி வீட்டு அம்மாள் என்பதால் முதல் வரணம் அவளுடையது, அதனால் மோசமான முகமும் அவளுடையதே. உதடுவரை வீங்கியிருந்தது. கேயாவை மேடை ஏற்ற வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவளும் அவள்தான்.

பினாகி எழுந்தார். அம்மன் முகத்து ஈரம், சிற்பிக்குப் போன போன், லேட்டாக வந்தவர்களின் நல்ல முகம் என்று வரிசையாகச் சொன்னார். கூடம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஷிபேன் சிரித்தார்.

“போன் பண்ணினேன், ஆள் வரலை, விட்டுட்டேன். இது ஒரு குத்தமா? பினாகிபாபு என்ன சொல்றாரு, உங்க எல்லாருக்கும் தெரியுதா? நம்ம துர்க்கையம்மா கண்ணீர் விஷமாம்!”

கூடம் கொதித்தது. ஒருத்தி செருப்பைத் தேடினாள்.

“சரி, நான் ஒண்ணு கேக்கறேன்,” ஷிபேன் குரலைத் தேனாக்கினார். “சிந்தூரம் தொடாம, அம்மன் முகத்தை மட்டும் தொட்டு வீங்கின ஆள் ஒருத்தர் இருக்காங்களா? ஒரே ஒருத்தர்? காட்டுங்க, நான் இப்பவே இறங்கிடறேன்.”

பினாகியின் தொண்டையில் பெயர் வந்து நின்றது. விழுங்கினார். மத்தியானம் தின்ற தேங்காய் உருண்டைகளைவிட அது கசந்தது.

“பாத்தீங்களா?” ஷிபேன் கையை விரித்தார். “கேயா, வாம்மா, மைக்குக்கு வா.”

“நான் இருக்கேன்.”

வாசலில் நீலிமா சான்யால் நின்றிருந்தாள். முந்தானை தோளில் இருந்தது. நடுவழியே நேராக நடந்து வந்து, விளக்கு விழும் இடத்தில் நின்று கன்னத்தைக் காட்டினாள். “மத்தியானம் யாரும் இல்லாதப்போ நான் அம்மா முகத்தைத் தொடைச்சேன். சிந்தூரம் என் பக்கம் வரலை. எனக்கும் வந்திருக்கு.” சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்டோம் என்றே பினாகி நினைத்தார். அந்த நிமிஷம் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு கிழக்குரல் வந்தது. சந்துக்கே அத்தையான மூத்த பிஷிமா.

“அதான பார்த்தேன்! வரணத்துக்கு முன்னாடி தாலியறுத்தவ தொட்டிருக்கா! அம்மா பொறுப்பாளா? எல்லார் மூஞ்சியிலும் போட்டுட்டா!”

கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. தலைகள் திரும்பின. நீலிமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, தன் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டு வேறு வரிசைக்குப் போனாள். பினாகிக்கு மேடையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. உண்மையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தால், அதையே கயிறாகத் திரித்து வேறொருத்தி கழுத்தில் மாட்டுகிறார்களே!

ஷிபேன் லாஹிரியின் மூளை வேகமானது. “எல்லாரும் அமைதி. பிஷிமா சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு. நீலிமாவை நான் எதுவும் சொல்லமாட்டேன், பாவம், தெரியாமப் பண்ணிட்டாங்க. ஆக, சிந்தூரத்து மேல தப்பில்லை! கேயா, நீ மன்னிப்புக் கேக்க வேண்டாம். அடுத்த வருஷமும் உன் சிந்தூரம்தான். இதைப் பத்தி இனி யாரும் பேச வேண்டாம். இனிப்பைக் கொண்டு வாங்கப்பா!”

கேயாவுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினால் போதும். அவள் மைக்கைப் பிடித்தாள்.

“எனக்கு இந்த விடுதலை வேண்டாம் ஷிபேன்தா. எங்கம்மாவுக்கு ராசியில்லைன்னு சொன்னீங்க. இப்ப நீலிமாதி ராசியில்லைங்கறீங்க. முகம் வெந்தா, முகத்துல என்ன பூசினோம்னு ஒரு நாளாவது கேக்க மாட்டீங்களா? என் டப்பாவுல என்ன இருக்குன்னு நான் அச்சடிச்சுக் குடுத்தேன். அன்னிக்கு அம்மன் முகத்துல இருந்தது என்ன? அதைச் சொல்லுங்க.”

“அம்மாவோட கண்ணீரும்மா,” என்றார் ஷிபேன்.

“கண்ணீர் கேரம் போர்டுக்குக் கீழ இருந்துச்சு!”

உள்ளறையிலிருந்து ஜூமூர் வந்தாள். தலைமுடியில் ஒட்டடை, கையில் ஒரு தகர டப்பா, அதன் மூடிமேல் ஒட்டிக் காய்ந்து விறைத்த ஒரு பிரஷ். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி முன்வரிசை வரை வந்தது. அந்த நெடியை முன்வரிசை முழுக்க அறிந்திருந்தது. தசமியன்று அது அம்மனின் வாசனை என்று கையை முகர்ந்து முகர்ந்து கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் அவர்கள்.

“இது... இது சங்கத்து ஜன்னலுக்கு வாங்கின வார்னிஷ்,” என்றார் ஷிபேன்.

காஜோரி எழுந்தாள். மூன்று நாளாக அவள் வாயைச் சரியாகத் திறக்கவே முடியவில்லை. நேராக ஜூமூரிடம் போய் டப்பாவை வாங்கி முகர்ந்தாள். பிறகு பின்வரிசையைப் பார்த்தாள்.

“பிஷிமா, நீலிமா தொட்டதாலதான் எங்களுக்கு வந்ததுன்னு சொல்றீங்க. அப்படின்னா இந்த டப்பாவுல இருக்கறது எதுவும் பண்ணாது. இதை நீலிமா தொடலை. என் புருஷன் முகத்துல பூசினா ஒண்ணும் ஆகக் கூடாது, இல்லையா?”

பிஷிமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

காஜோரி இரண்டு விரல்களை டப்பாவுக்குள் விட்டு வழிய வழிய எடுத்தாள். மேடைப்படி ஏறினாள். “எந்தக் கன்னம்?”

“காஜோரி, விளையாடாதே. எல்லாரும் பாக்கறாங்க.”

“வரணம் பண்றேன். அசையாம நில்லுங்க.”

ஷிபேன் பின்வாங்கினார். ஹார்மோனியம் காலில் இடித்து அலறியது. சுவர் முதுகில் முட்டியதும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, கூடமே கேட்கும்படிக் கத்தினார்.

“பைத்தியமா உனக்கு? அது கதவுக்குப் பூசறதுடீ! மூஞ்சி வெந்துடும்!”

மைக் அருகில்தான் இருந்தது. அது ஒரு வார்த்தையையும் விடவில்லை.

காஜோரி அப்படியே நின்றாள். வீங்கிய கண்ணிமைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கியது. உப்பு பட்டு எரிந்திருக்க வேண்டும், அவள் துடைக்கவில்லை.

“தெரிஞ்சுதான் இருந்திருக்கு உங்களுக்கு,” என்றாள். “ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. நல்லா அழுத்தித் தொடைச்சுப் பூசிக்கோ காஜோரின்னு சொன்னீங்களே.”

அவள் அந்த விரல்களைக் கணவரின் வெள்ளைப் பஞ்சாபியில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு படி இறங்கி வந்து, நகர்த்தப்பட்டிருந்த அந்த நாற்காலியை இழுத்து, நீலிமாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.